மேலே ஏறிய காற்புள்ளி: ஆங்கிலத்தின் தீராத வழக்கு

வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹாரோகேட் என்றொரு ஊர். கந்தக நீரூற்று, பூந்தோட்டம், தேநீர் விடுதி என்று பணி ஓய்வு பெற்றவர்கள் தேடிவந்து குடியேறும் அமைதியான இடம். 2024 மே மாதம் அந்த ஊர் உலகச் செய்திகளில் அடிபட்டது. காரணம் ஒரு தெருவின் பெயர்ப்பலகை.

“செயின்ட் மேரி’ஸ் வாக்” என்ற தெருவுக்குப் புதுப் பலகை மாட்டிய வடக்கு யார்க்‌ஷயர் கவுன்சில், மேரிக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே உச்சியில் நிற்கும் அபாஸ்ட்ரஃபி என்ற அந்தக் குட்டி வளைகோட்டை விட்டுவிட்டது. யாரோ ஒருவர் மார்க்கரை எடுத்துவந்து பலகையில் அதை வரைந்து வைத்தார். நிருபர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. கவுன்சில் விளக்கம் சொன்னது: முகவரிகளைக் கணினியில் பதிய பிஎஸ் 7666 என்றொரு தரநிலை இருக்கிறது, நிறுத்தற்குறிகள் தேடலில் குழப்பம் உண்டாக்குகின்றன, ஆகவே தெருப்பெயர்களில் இனி அவை வேண்டாம். ஊர் மக்கள் ஏற்கவில்லை. சில மாதங்களுக்குள் கவுன்சில் இறங்கிவந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், விருந்தாளி வந்தால் ஹாரோகேட்காரர்கள் முதலில் கூட்டிப்போகும் இடம் “பெட்டிஸ்” தேநீர் விடுதி. சுவிட்சர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஒரு மிட்டாய்க் கலைஞர் 1919-ல் தொடங்கியது. பெட்டி என்ற பெண் பெயரைத் தாங்கிய அந்தக் கடையின் பலகையில் வளைகோடு கிடையாது. அதே நிறுவனத்தின் “டெய்லர்ஸ் ஆஃப் ஹாரோகேட்” தேயிலைப் பொட்டலத்திலும் கிடையாது. மேரிக்காகக் கொதித்த ஊர், பெட்டியைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அபாஸ்ட்ரஃபி விவகாரம் முழுக்கவே இப்படித்தான் இருக்கிறது. விதி என்கிறார்கள், விதியை மீறியவை பக்கத்திலேயே தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கின்றன.

ஒரு கோடு, இரண்டு வேலை

பள்ளியில் படித்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். எழுத்து விடுபட்டால் அந்த இடத்தில் இந்தக் குறி: “டூ நாட்” சுருங்கி “டோன்’ட்” ஆகும். இது முதல் வேலை. நாம் ஆறாம் வேற்றுமையில் “உடைய” என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் ’ஸ் வரும். இது இரண்டாவது வேலை. ஒரு பையனின் புத்தகம் என்றால் குறி எஸ் எழுத்துக்கு முன்னால். பல பையன்களின் புத்தகம் என்றால் பின்னால். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் ஆகிய சொற்களின் ஆங்கிலப் பன்மையில் எஸ் இல்லாததால், அங்கே மறுபடியும் முன்னால். வெறும் பன்மைக்குக் குறியே கூடாது.

விதி கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பாய்ஸ், பாய்’ஸ், பாய்ஸ்’ மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே ஒலி. வாய்க்கும் காதுக்கும் தெரியாத வேறுபாட்டைக் கை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள், பட்டம் பெற்றவர்கள், நாளிதழ்களில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் இதில் வழுக்குகிறார்கள் என்றால், பிசகு ஆட்களிடம் மட்டும் இருக்க முடியாது.

போதாக்குறைக்கு “இட்ஸ்” இருக்கிறது. ராமனுடைய, பூனையினுடைய என்பதற்கெல்லாம் குறி போட வேண்டும். “அதனுடைய” என்பதற்குப் போடக் கூடாது. போட்டால் அது “இட் இஸ்” என்பதன் சுருக்கமாகிவிடும். ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுத்ததால் வந்த வினை இது. இரண்டு வேலையும் ஒரே வாசலில் மோதிக்கொண்டபோது, உடைமை வழிவிட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று.

அச்சுக்கூடத்தில் பிறந்த விதி

இந்தக் குறி ஆங்கிலத்தோடு பிறந்ததல்ல. பெயர் கிரேக்கம், வந்த வழி பிரான்ஸ். ஜெஃப்ருவா தோரி என்ற பாரிஸ் அச்சுக்கலைஞர், உயிரெழுத்தோடு உயிரெழுத்து சேர்ந்து ஒன்று மறையும் இடங்களில் இதைப் பயன்படுத்தலாம் என்று 1529-ல் எழுதினார். புணர்ச்சி விதி படித்த நமக்கு அந்தத் தேவை சட்டெனப் புரியும். அதே நூற்றாண்டில் ஆங்கில அச்சுக்காரர்கள் அதை இரவல் வாங்கினார்கள். அப்போது அதற்கு இருந்தது ஒரே வேலைதான்: விடுபட்ட எழுத்தைக் காட்டுவது. உடைமை பற்றிய பேச்சே இல்லை.

பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே வேற்றுமை உருபுகள் இருந்தன. அரசன் “கினிங்”, அரசனுடைய “கினிங்கெஸ்”. காலப்போக்கில் அந்த “எஸ்” உருபிலிருந்த உயிரொலி தேய்ந்து மறைந்தது. கவிஞர் சாசர் தம் கதைகளை எழுதிய 14-ம் நூற்றாண்டில் உடைமைக்குக் குறி எதுவும் இல்லை. யாரும் அதற்காகத் தவிக்கவும் இல்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து 1623-ல் வெளியிட்ட பெருநூலைப் புரட்டினால், உடைமைச் சொற்கள் பெரும்பாலும் குறி இல்லாமலே நிற்கின்றன. சில இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் இல்லை. அச்சுக் கோத்தவரின் விருப்பம்.

இதற்கு நடுவே கற்றோரிடையே ஒரு தவறான எண்ணம் பரவியிருந்தது. “கிங்’ஸ்” என்பது “கிங் ஹிஸ்” என்பதன் சுருக்கம், அதாவது “அரசன் அவனுடைய” என்று நினைத்தார்கள். பென் ஜான்சன் தம் நாடகத்துக்கே “செஜானஸ் ஹிஸ் ஃபால்” என்று தலைப்பு வைத்தார். ஸ்பெக்டேட்டர் இதழில் புகழ்பெற்ற ஜோசஃப் அடிசன் 1711-லும் இதையே நம்பினார். 1755-ல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன்தான் இதை உடைத்தார். பெண்ணின் அழகு என்று சொல்லும்போதும் அதே ’ஸ் வருகிறதே, பெண்ணுக்கு எப்படி “அவனுடைய” பொருந்தும் என்று கேட்டார். கேள்வி சரி. ஆனால் அதற்குள் குறி குடியேறிவிட்டது. இல்லாத எழுத்தின் இடத்தைக் காட்ட வந்தது, உடைமையின் அடையாளமாகவே மாறிப்போனது.

ஒருமை உடைமைக்குக் குறி நிலைபெற்றது 18-ம் நூற்றாண்டை ஒட்டித்தான். பன்மை உடைமைக்கு, அதாவது எஸ் எழுத்துக்குப் பின்னால் போடும் வழக்கம், இன்னும் தாமதம். 19-ம் நூற்றாண்டு வரை அது உறுதியாகவில்லை. நாம் ஆதிகால விதி என்று நினைத்து நடுங்குவது, கிழக்கிந்தியக் கம்பெனியைவிட வயதில் இளையது.

“இட்ஸ்” கதை இன்னும் சுவையானது. 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, பத்தாவது உட்பிரிவைப் பாருங்கள். மாநிலங்கள் தங்கள் பரிசோதனைச் சட்டங்களை நடைமுறைப்படுத்துவது பற்றிய வரியில், “அதனுடைய” என்ற பொருளில் “இட்’ஸ்” என்று குறியோடு இருக்கிறது. இன்று ஏழாம் வகுப்புப் பையன் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். தாமஸ் ஜெஃபர்சனும் அப்படித்தான் எழுதினார். ஜேன் ஆஸ்டினின் கையெழுத்துப் படிகளிலும் அப்படியே. அவர்கள் தவறு செய்யவில்லை. அன்று அது வழக்கம்.

உருளைக்கிழங்கின் குற்றம்

பிரிட்டனில் “காய்கறிக்கடைக்காரர் அபாஸ்ட்ரஃபி” என்றொரு கேலிப் பெயர் உண்டு. கரும்பலகையில் சாக்பீஸால் “பொட்டேட்டோ’ஸ்”, “டொமேட்டோ’ஸ்”, “பனானா’ஸ்” என்று எழுதி வைப்பவரைச் சொல்வது. பன்மைக்குக் குறி போட்டுவிட்டாராம். படம் எடுத்துப் பகிர்ந்து சிரிப்பார்கள்.

அந்தக் கடைக்காரர் எந்தெந்தச் சொற்களுக்குப் போடுகிறார் என்று கவனித்தால் சிரிப்பு அடங்கும். உயிரெழுத்தில் முடியும் சொற்கள், அதிலும் பிற மொழியிலிருந்து வந்தவை. அவற்றோடு எஸ் எழுத்தை மட்டும் ஒட்டினால் கண்ணுக்கு விநோதமாகத் தெரிகிறது, உச்சரிப்பும் குழம்புகிறது. 17, 18-ம் நூற்றாண்டுகளின் படித்த அச்சுக்காரர்கள் இதே காரணத்துக்காக இதையேதான் செய்தார்கள். “ஃபோலியோ’ஸ்”, “ஆபரா’ஸ்” என்ற பன்மைகள் அன்றைய மதிப்புமிக்க நூல்களில் அச்சாகியிருக்கின்றன. பிறகு இலக்கணக்காரர்கள் மனம் மாறினார்கள். கடைக்காரருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அந்த மாற்றமும் முழுதாக நடக்கவில்லை. எழுத்துகளின் பன்மைக்கு, அதாவது “பி’ஸ் அண்ட் க்யூ’ஸ்” போன்ற இடங்களில், குறியை இன்றும் அனுமதிக்கிறார்கள். நியூயார்க் டைம்ஸ் பல்லாண்டுகள் 1980’ஸ் என்று குறியோடு அச்சிட்டுவிட்டுப் பிறகு கைவிட்டது. செய்யத்தக்கவை, தகாதவை என்று பட்டியல் போடும்போது “டூ’ஸ்” என்று எழுதச் சொல்கிறது அசோசியேட்டட் பிரஸ். குறி வேண்டாம் என்கிறது சிகாகோ எழுத்துநடைக் கையேடு. பெரிய வீட்டில் நடந்தால் பாணி, சந்தையில் நடந்தால் அறியாமை.

நம்மூர்க் காய்கறிக்கடைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வெண்டைக்காய்க்கு இந்திய ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் சீமாட்டியின் விரல். “லேடி’ஸ் ஃபிங்கர்” என்றால் ஒரு சீமாட்டி. “லேடீஸ் ஃபிங்கர்” என்று குறியில்லாமல் எழுதினால் இலக்கணம் எங்கே என்பார்கள். குறியைக் கடைசியில் வைத்தால் பல சீமாட்டிகள். ஒரு கிலோவுக்கு எத்தனை சீமாட்டிகள் என்று கணக்கிட்டு எழுதச் சொல்லி நம் கடைக்காரரை யாரும் தொந்தரவு செய்யாதது நல்லது.

காவலர்கள்

இந்தக் கோட்டுக்காக வாழ்க்கையைச் செலவிட்டவர்களும் உண்டு. ஜான் ரிச்சர்ட்ஸ், ஓய்வு பெற்ற பத்திரிகையாளர். ஊர், லிங்கன்‌ஷயரில் உள்ள பாஸ்டன். பிறர் எழுதியதைத் திருத்தியே காலம் கழித்தவருக்கு ஓய்வுக்குப் பின்னும் கை ஓயவில்லை போலும். 2001-ல் அபாஸ்ட்ரஃபி பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். தவறான பலகை வைத்த கடைகளுக்கு மரியாதையான கடிதம் அனுப்புவது சங்கத்தின் பணி. அதே ஆண்டு அவருக்கு இலக்கியத்துக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவும் வைத்து சிந்திக்கவும் வைக்கும் சாதனைகளுக்குக் கொடுப்பது அது.

2019 இறுதியில், 96 வயதில், அவர் சங்கத்தை மூடினார். முதுமை ஒரு காரணம். மக்களின் அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம். செய்தி பரவியதும் சங்கத்தின் இணையதளத்தை உலகமே மொய்த்தது. அவ்வளவு கூட்டம் அது திறந்திருந்த நாளெல்லாம் வந்ததில்லை. 2021-ல் ரிச்சர்ட்ஸ் காலமானார். பின்னர் வேறொருவர் பொறுப்பேற்று சங்கத்துக்கு மறுவாழ்வு கொடுத்தார்.

ரிச்சர்ட்ஸ் கடிதம் எழுதினார் என்றால், பிரிஸ்டல் நகரில் ஒருவர் ஏணியோடு கிளம்பினார். 2017-ல் பிபிசி அவரைப் பேட்டி கண்டது, பெயரையும் முகத்தையும் மறைத்து. 2003 முதல் இரவு நேரங்களில் தெருத் தெருவாகப் போய், கடைப் பலகைகளில் வேண்டாத குறிகளை மறைத்தும் வேண்டிய இடத்தில் ஒட்டியும் வந்தவர். உயரத்திலுள்ள பலகைகளுக்காக நீண்ட கைப்பிடியோடு தாமே ஒரு கருவி செய்து “அபாஸ்ட்ரஃபைஸர்” என்று பெயரும் வைத்திருந்தார். “எமிஸ் நெய்ல்’ஸ்” என்ற நகப்பூச்சுக் கடையின் பலகை அவரை மிகவும் வதைத்ததாம். எமிக்கு வேண்டியது இல்லை, நகத்துக்கு வேண்டாதது இருந்தது. பிறர் சுவரில் கைவைப்பது குற்றமல்லவா என்று கேட்டதற்கு, அந்தப் பலகைகள் இருப்பதுதான் பெரிய குற்றம் என்றார். இவரைக் கொண்டாடியவர்கள் ஏராளம். எனக்கு எமியின் நினைப்புதான் வந்தது. கடன் வாங்கிக் கடை போட்ட ஒரு பெண், காலையில் வந்து பார்க்கும்போது தன் பெயரில் யாரோ ஒட்டுப் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

லின் டிரஸ் 2003-ல் வெளியிட்ட “ஈட்ஸ், ஷூட்ஸ் அண்ட் லீவ்ஸ்” நிறுத்தற்குறிகளைப் பற்றிய புத்தகம். லட்சக்கணக்கில் விற்றது. “டூ வீக்ஸ் நோட்டீஸ்” என்ற ஹாலிவுட் படத்தின் தலைப்பில் குறி இல்லை என்பதற்காக, குச்சியில் ஒரு பெரிய அபாஸ்ட்ரஃபியைக் கட்டிக்கொண்டு சினிமா கொட்டகை வாசலில் நின்றவர் அவர். மொழியியலறிஞர் டேவிட் கிரிஸ்டல் இதற்குப் பதிலாகவே 2006-ல் ஒரு நூல் எழுதினார். இந்த விதிகள் எப்படி உருவாயின என்று தெரிந்தவர் யாரும் இவ்வளவு கோபப்பட மாட்டார் என்பது அவர் கட்சி. நானும் அந்தப் பக்கம்தான்.

குறியே வேண்டாம் என்ற எதிர் முகாமில் முதல் நாற்காலி பெர்னார்ட் ஷாவுக்கு. பிழையாகத் தெரியாத இடங்களில் குறியைத் தூக்கி எறிந்தார். “டோன்ட்”, “வோன்ட்”, “கான்ட்” எல்லாம் அவர் நாடகங்களில் மொட்டையாகவே அச்சாகின. அந்தக் கோடுகள் அவருக்குப் பக்கத்தில் ஊரும் கிருமிகளாகத் தெரிந்தன. “ஹீ’ல்” போன்ற இடங்களில் மட்டும் விட்டுவைத்தார், எடுத்தால் “ஹெல்”, அதாவது நரகமாகிவிடும்.

யாருக்கும் சொந்தமில்லாத மலைகள்

தனிமனிதர்களை விடுங்கள், அரசாங்கங்களின் நிலை என்ன? அமெரிக்காவில் 1890 முதல் இடப்பெயர்களுக்கென்று ஒரு வாரியம் இருக்கிறது. மலை, ஏரி, தீவு, எதன் பெயரிலும் உடைமைக் குறி கூடாது என்பது அதன் கொள்கை. ஒருவர் பெயரை மலைக்கு வைத்தால் மலை அவருடையதாகிவிடாது என்கிறார்கள். அந்தப் பரந்த நாட்டில் விலக்கு பெற்றவை வெறும் ஐந்து இடங்கள். 1933-ல் மாசசூசெட்ஸின் மார்த்தா’ஸ் வின்யார்ட் தீவு. கடைசியாக 2002-ல் ஓரிகனின் கிளார்க்’ஸ் மவுண்டன். நடுவில் அரிசோனாவில் ஒரு காட்சி முனை, புகைப்படக்காரர் கார்லோஸ் எல்மர் பெயரால் அமைந்தது. குறியில்லாவிட்டால் அந்தப் பெயரிலுள்ள கார்லோஸ், எல்மர், ஜோஷுவா என்று மூன்று ஆட்கள் வரிசையில் நிற்பது போல் இருக்கும் என்று வாதாடி 1995-ல் அனுமதி வாங்கினார்கள்.

பிரிட்டனில் பர்மிங்காம் நகராட்சி 2009-ல் தெருப்பலகைக் குறிகளுக்கு விடை கொடுத்தது. “கிங்ஸ் ஹீத்” இன்று எந்த அரசனுக்கும் சொந்தமில்லை என்று காரணம் சொன்னது. மிட் டெவன் மாவட்டம் 2013-லும் கேம்பிரிட்ஜ் 2014-லும் முயன்று, வசவு தாங்காமல் பின்வாங்கின. கேம்பிரிட்ஜில் இரவோடு இரவாக மார்க்கரோடு கிளம்பிக் குறி வரைந்தார்கள். லண்டன் சுரங்க ரயிலிலோ எர்ல்’ஸ் கோர்ட் நிலையத்துக்குக் குறி உண்டு. பக்கத்திலுள்ள பாரன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஓரிரு நிலையத் தூரம்தான்.

கொண்டாட்ட நாள்களிலும் இந்தச் சண்டை உண்டு. அன்னையர் தினத்துக்காகப் போராடிய அன்னா ஜார்விஸ், குறி எஸ் எழுத்துக்கு முன்னால்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். உலகத் தாய்மார்கள் எல்லோருக்குமாக அல்ல. ஒவ்வொரு வீடும் தன் ஒரு தாயைப் போற்றும் நாள் என்பது அவர் எண்ணம். உட்ரோ வில்சன் 1914-ல் பிரகடனம் செய்தபோது அப்படியே ஏற்றார். இந்தக் குறியின் இடமாற்றத்துக்கு உண்மையிலேயே பொருள் இருக்கும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று. ஆனால் போர் வீரர்களுக்கான “வெட்டரன்ஸ் டே” நாளுக்குக் குறியே இல்லை. நாள் வீரர்களுக்குச் சொந்தமானதல்ல, வீரர்களை நினைப்பதற்கானது என்கிறது அமெரிக்க அரசு.

பெயரே எஸ் எழுத்தில் முடிந்தால் தொல்லை இரட்டிப்பு. 2006-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கேன்சஸ் மாநில மரண தண்டனைச் சட்டம் பற்றிய வழக்கு. பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய கிளாரன்ஸ் தாமஸ், மாநிலப் பெயருக்குப் பின் வெறும் குறி மட்டும் போட்டார். மாறுபட்டு எழுதிய டேவிட் சூட்டர் குறியோடு எஸ் எழுத்தையும் சேர்த்தார். உயிர் போகும் வழக்கிலேயே இரு நீதிபதிகளுக்கு எழுத்திலக்கணத்தில் ஒத்துப்போகவில்லை. மறு ஆண்டு அர்க்கன்சஸ் சட்டமன்றத்தின் கீழவை, தங்கள் மாநிலப் பெயருக்கு எஸ் சேர்த்தே எழுத வேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றியது. 2024-ல் இந்தத் தலைவலி நம் திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தின் பேத்தியைத் தேடி வந்தது. கமலா ஹாரிஸ் வேட்பாளரானதும், அவருடைய பெயருக்கு வெறும் குறி போதும் என்றது அசோசியேட்டட் பிரஸ். எஸ் எழுத்தும் வேண்டும் என்றது நியூயார்க் டைம்ஸ். தேர்தல் முடிந்தது, அந்த வாதம் முடியவில்லை.

ஒரு குறி, ஒரு வழக்கு

இதெல்லாம் வீண் வம்பு, நிஜத்தில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உதாரணம் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீடு, மனைத் தரகர் ஒருவர், தம் பழைய முதலாளி ஊழியரின் ஓய்வுக்கால நிதியைக் கட்டவில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். “எம்ப்ளாயீஸ்” என்ற சொல்லில் குறியே இல்லை. என்னுடையதை மட்டும் சொன்னேன் என்பது தரகரின் தரப்பு. அவதூறு வழக்குப் போட்டார் முதலாளி. 2021-ல் மாவட்ட நீதிமன்ற நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். குறி இல்லாததால் பன்மையாகவே படிக்க இடமிருக்கிறது. ஒருவருக்குத் தராதது வேறு, எல்லோருக்குமே தராமல் ஏமாற்றுவது வேறு என்றார். நள்ளிரவில் கைப்பேசியில் கொட்டும் கோபத்துக்கும் நிறுத்தற்குறி தேவைப்படும் காலம் இது.

கணினிதான் இந்தக் குறிக்கு வாய்த்த உண்மையான எதிரி. தட்டச்சுப் பொறி வந்தபோதே மேற்கோளின் தொடக்கம், முடிவு, அபாஸ்ட்ரஃபி மூன்றுக்கும் சேர்த்து ஒரே நேர்கோட்டு விசையை வைத்துவிட்டார்கள். கணினி அதை அப்படியே சுவீகரித்தது. இணையதளத்தின் களப்பெயரில் எழுத்து, எண், இணைப்புக்கோடு தவிர வேறெதற்கும் இடமில்லை. டிம் வாட்டர்ஸ்டோன் 1982-ல் தொடங்கிய புகழ்பெற்ற புத்தகக்கடைத் தொடர், 2012 ஜனவரியில் தன் பெயரிலிருந்து குறியை எடுத்தபோது சொன்ன காரணம் இதுதான்: டிஜிட்டல் உலகில் எழுத எளிது. புத்தகம் விற்பவர்களே இப்படிச் செய்யலாமா என்று அன்று பலர் குமுறினார்கள்.

அயர்லாந்துக்காரர்களின் பாடு இன்னும் மோசம். ஓ’பிரையன், ஓ’கானர் என்ற குடும்பப் பெயர்களைப் பல இணையப் படிவங்கள் “தவறான எழுத்து” என்று திருப்பி அனுப்புகின்றன. பிறந்ததிலிருந்து இருக்கும் பெயர் தவறாம். காரணம் பாதுகாப்பு. தரவுத்தளங்களோடு பேசும் எஸ்க்யூஎல் மொழியில், சொற்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று காட்ட இதே நேர்கோட்டுக் குறிதான் வேலி. பெயர்க் கட்டத்தில் திருடன் ஒரு குறியைத் தட்டி வேலியைப் பாதியில் மூடிவிட்டு, அதற்குப் பின்னால் தன் கட்டளையை எழுதினால், சரியாகக் கட்டப்படாத கணினி அதை நிறைவேற்றிவிடும். பிரிட்டனின் டாக்டாக் தொலைபேசி நிறுவனத்தில் 2015-ல் 1,50,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் விவரங்கள் களவுபோனது இந்த வகைத் தாக்குதலில்தான். நிறுவனத்துக்கு 4,00,000 பவுண்டு அபராதம். நிரலை ஒழுங்காக எழுதுவதற்குப் பதில் ஓ’பிரையனைத் துரத்துவது பல நிறுவனங்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

கைப்பேசி வேறு விதமாகப் படுத்துகிறது. குறி போடாமல் “டோன்ட்” என்று அடித்தால் தானே சேர்த்துத் தருகிறது. “அதனுடைய” என்று எழுத நினைத்தவருக்கும் சில நேரம் குறியைத் திணிக்கிறது. இன்று நாம் காணும் பிழைகளில் எது மனிதனுடையது, எது இயந்திரத்துடையது என்று பிரிக்க முடியாது.

ஜெர்மானியர்களும் பாக்கியில்லை. அவர்கள் மொழியில் உடைமைக்குப் பொதுவாக இந்தக் குறி தேவையில்லை. ஆங்கிலத்தைப் பார்த்துக் கடைக்காரர்கள் போட ஆரம்பிக்க, படித்தவர்கள் அதை “முட்டாளின் அபாஸ்ட்ரஃபி” என்று ஏசினார்கள். 2024-ல் ஜெர்மன் எழுத்திலக்கண மன்றம், கடைப்பெயர்களில் “ரோஸி’ஸ் பார்” என்று எழுதுவது சரியே என்று இறங்கிவந்தது. ஊரார் எழுதுவதைத்தான் கடைசியில் மன்றங்கள் பின்பற்றுகின்றன.

சென்னை அண்ணா சாலைக்கு வாருங்கள். 1844-ல் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் தொடங்கிய புத்தகக்கடையின் பெயர் இன்று குறியில்லாமல்தான் நிற்கிறது. லண்டனில் வாட்டர்ஸ்டோன்ஸுக்குக் கிளம்பிய கூச்சல் இங்கே எழவில்லை. 1788-ல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வணிகரின் பெயரால் அமைந்தது பாரி’ஸ் கார்னர். குறி உதிர்ந்து, தமிழ் எழுத்தில் ஏறி, பேருந்துப் பலகையில் “பாரிஸ்” ஆனது. ஈஃபிள் கோபுரத்தைத் தேடி யாரும் அங்கே வழி தவறியதாகத் தகவல் இல்லை. சூழல் பொருளைச் சொல்லிவிடுகிறது. குறி இல்லாமலே ஊர் நடக்கிறது.

ஒலிப்பியலறிஞர் ஜான் வெல்ஸ் போன்றவர்கள் உடைமைக் குறியை ஒழித்துவிடலாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். என் கருத்தும் அதற்கு வெகு தூரமில்லை. நூற்றாண்டுக்கணக்கில் குறியில்லாமல் எழுதிய மொழி, இன்னொரு முறை அப்படி எழுதினால் சாகாது. ஆனால் அடுத்த வாரம் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பப்போகும் பிள்ளையிடம் இதைச் சொல்ல மாட்டேன். அந்த விண்ணப்பத்தைப் படிப்பவர் இந்த வரலாற்றைப் படித்திருக்க மாட்டார். ஒரு குறி தவறியதும் ஆளை எடைபோட்டுவிடுவார். ஆகவே இப்போதைக்கு இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். “இட்’ஸ்” என்று குறி போடும் முன், “இட் இஸ்” என்று விரித்துப் படித்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் போடுங்கள், இடித்தால் விட்டுவிடுங்கள். வெறும் பன்மைக்குப் போடாதீர்கள். காய்கறிக்கடைப் பலகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் பழக்கம் இருந்தால், அதையும் விட்டுவிடுங்கள். அந்தக் கடைக்காரருக்கு வேண்டியது உருளைக்கிழங்கு விற்பது. அது விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.